பழைய மொறிஸ் மைனர் ‘கம்பனி ஒறிஜினல்’ தானா என்று எப்படிப் பார்ப்பது?

சாவகச்சேரிப் பக்கம் விலைக்கு நிற்கும் இரண்டு கதவு மொறிஸ் மைனர் 1000 ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1959 ஆம் ஆண்டு வண்டி, கம்பனியால் வந்தபடியே கை படாமல் இருக்கிறது என்று விற்பவர் சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே மற்ற மைனர்களைவிடக் கூடிய விலையும் கேட்கிறார். அது உண்மையா என்று வாங்குமுன் எப்படி அறிவது என்பதுதான் உங்கள் கேள்வி. உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த வண்டி இங்கிலாந்தின் கௌலி தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்ட நிலையில் இருக்கிறதா என்பது ஒன்று. நல்ல நிலையில் இருக்கிறதா என்பது மற்றது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் விலை பேசப்படுகிறது. ஒறிஜினலாக இருந்தும் கறள் தின்று முடித்த வண்டி உண்டு, பாதிச் சாமான் மாறியும் ஒழுங்காக ஓடுகிற வண்டியும் உண்டு. முதல் கேள்விக்கே இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன். இரண்டாவதில் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விடயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டியைப் பார்க்கப் போகுமுன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: 1990 இலிருந்து 2009 வரை இந்தக் கார் எங்கே நின்றது? யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்றால், கை படாத வண்டி என்ற பேச்சுக்கு இடமில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடவைக்க என்ஜினில் கை வைத்தார்கள், உடைந்ததற்குக் கிடைத்ததைப் பூட்டினார்கள். 1995 இடம்பெயர்வில் விட்டுவிட்டுப் போன கார்கள் பல, திரும்பி வந்தபோது வெறுங்கூடாக நின்றன. கொட்டிலுக்குள் பூட்டிக் கிடந்தது, அல்லது பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து வந்தது என்றால் அந்தப் பேச்சுக்கு ஓரளவு இடமுண்டு. பதில் எதுவானாலும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் காணப்போகும் அடையாளங்கள் அந்தப் பதிலோடு ஒத்துப்போக வேண்டும்.

பெயின்ற் மினுங்குவதை முதலில் பார்க்காதீர்கள். போனற்றைத் தூக்கி, என்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஆணி அடித்துப் பொருத்திய தகட்டைப் பாருங்கள். மைனரின் இலக்க முறை 1950களின் கடைசியில் மாறியது. அதற்கு முந்திய வண்டிகளில் எஃப் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் மூன்று எழுத்துகளும் பிறகு எண்களும் இருக்கும். 1959 வண்டியில் புதிய முறைதான் இருக்க வேண்டும்: இரண்டு கதவுக் காருக்கு எம்.ஏ.2எஸ்3, நான்கு கதவுக்கு எம்.ஏ.எஸ்3 என்று தொடங்கும். கடைசியில் உள்ள 3 என்பது 948 சீ.சீ. காலத்தைக் குறிக்கும். 1962 இல் 1098 சீ.சீ. என்ஜின் வந்த பிறகு அது 5 ஆயிற்று. ஆகவே தகட்டில் எம்.ஏ.2எஸ்5 என்று இருந்தால் வாய் என்ன சொன்னாலும் அது 1959 வண்டி அல்ல, அல்லது தகடு வேறு வண்டியினுடையது. தகட்டை வாசித்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்திருக்கும் ஆணிகளையும் பாருங்கள். பழைய ஆணியின் தலையில் சுற்றியுள்ள பெயின்ற்றும் அழுக்கும் ஒரே வயதாகத் தெரியும். சந்தையில் வாங்கும் புதிய அலுமினியப் பொப் றிவெற் நடுவில் துளையோடு பளிச்சென்று இருக்கும். இலக்கங்களைச் சுற்றித் தகடு அரம் பட்டு மெலிந்திருந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். அது ஒறிஜினலா என்ற கேள்வியைத் தாண்டிச் சட்டச் சிக்கலாகிவிடும்.

அடுத்தது என்ஜின் இலக்கம். டைனமோவுக்கு மேலே பிளொக்கில் ஒரு சிறு தகடு இருக்கும். எண்ணெயும் தூசும் பூசிக் கிடக்கும், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துப் பாருங்கள். 948 சீ.சீ. மைனர் என்ஜின் 9எம் என்று தொடங்கும், 1098 என்ஜின் 10எம்.ஏ. என்று தொடங்கும். 1959 வண்டியில் 10எம்.ஏ. கண்டால் என்ஜின் மாறியிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். இலங்கையில் மைனருக்கு நடந்த மாற்றங்களில் இதுதான் மிகச் சாதாரணமானது, நேராகப் பூட்டக்கூடியது. 37 குதிரைவலுவிலிருந்து 48 குதிரைவலுவுக்குப் போகலாம் என்பதால் விரும்பிச் செய்தவர்களும் உண்டு. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் எழுத்தையும் சொல்ல வேண்டும். இலக்கத்தின் முன்பகுதியின் முடிவில் எச் அல்லது எல் என்ற எழுத்து வரும். எச் என்றால் கொம்பிறெஷன் (என்ஜினுக்குள் எரிபொருள் கலவை அழுத்தப்படும் அளவு) கூடியது, 948 இல் 8.3 க்கு 1. எல் என்றால் குறைந்தது, 7.2 க்கு 1. எல் என்ஜினைக் கண்டவுடன் மண்ணெண்ணெய்க்காக யாரோ மாற்றியது என்று சொல்வார்கள். அப்படியல்ல. தரம் குறைந்த பெற்றோல் விற்கும் நாடுகளுக்கென்று தொழிற்சாலையே அப்படிச் செய்து அனுப்பியது. எல் இருப்பது குறையே அல்ல.

இலக்கங்கள் சரியென்றால், 1959 மைனரில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கவே கூடாது என்று பாருங்கள். மைனர் 1000 வந்தது 1956 இல். முன் கண்ணாடி நடுவில் கம்பி இல்லாத ஒற்றை வளைந்த கண்ணாடியாக இருக்கும், கியர்க் கம்பு கட்டையாக இருக்கும். இக்னிஷன் சாவியைத் திருப்பினால் மின்சாரம் மட்டும்தான் வரும், ஸ்ராற் செய்யத் தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும். சாவியாலேயே ஸ்ராற் ஆகும் முறை 1964 இல்தான் வந்தது. முன் மட்காட்டில் பெரிய, செம்மஞ்சள் பகுதி சேர்ந்த லைற் இருந்தால் அது 1963 க்குப் பிந்திய சாமான். இவற்றையெல்லாம்விட நம்பகமானது சிக்னல். 1961 வரை வந்த மைனர்களில் கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் ஒரு நீள வெட்டு இருக்கும். அதற்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறச் சிறு கை ஒன்று எழும்பி வெளியே நீட்டும். அந்தக் கை பழுதானதும் இங்கே பெரும்பாலும் அதைக் கழற்றி, வெட்டைத் தகட்டால் மூடிப் பற்றி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி, மட்காட்டில் மினுங்கும் சிக்னல் பூட்டிவிட்டார்கள். வெளியே தெரியாது. உள்ளே தூணின் உறையை மெல்ல விலக்கி ரோச் லைற் அடித்துப் பாருங்கள். வெட்டின் நாலு ஓரமும் நேர்கோடாக, அதற்குப் பின்னால் வேறு தகடு ஒட்டியபடி தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. அந்தக் கை இன்னும் தூணில் இருந்து வேலையும் செய்தால், விற்பவரின் பேச்சுக்கு ஒரு பலமான சாட்சி கிடைத்திருக்கிறது.

பெயின்ற்றைப் பற்றி. அறுபது ஆண்டுக்கு மேல், கடற்காற்று வீசும் இந்த மண்ணில் கம்பனிப் பெயின்ற் முழுதாக நிற்பது மிக அரிது. மினுமினுப்பான பெயின்ற் இருந்தால் அது பின்னாளில் அடித்ததுதான். அது குற்றமல்ல, ஆனால் ‘கை படாதது’ என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது, யாரும் மினக்கெட்டு அடிக்காத இடங்கள்: டாஷ்போட்டுக்குக் கீழே, டிக்கிக் கதவின் உட்புற மடிப்பு, பற்றரித் தட்டுக்குக் கீழே, கதவு உறைக்குப் பின்னால். வெளியே ஒரு நிறம், இந்த மறைவிடங்களில் இன்னொரு நிறம் என்றால் முதல் நிறம் மறைவிடத்தில் உள்ளதுதான். அந்த ஆண்டுகளில் வந்த கிளாரண்டன் சாம்பல் நிறத்தைப் பலர் பிறைமர் (அடிப்பூச்சு) என்று நினைத்துத் தேய்த்தெறிந்திருக்கிறார்கள், கவனமாகப் பாருங்கள். மைனரின் மட்காட்கள் பொடியோடு (காரின் உடற்கூட்டோடு) நற்றுப் பூட்டியவை. இரண்டுக்கும் இடையில் ஒரு நாடா ஓடும். அந்த நாடாவின் மேலும் பெயின்ற் ஏறியிருந்தால் மட்காட்டைக் கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். இளம் ஊதா நிற மைனர் என்று யாராவது ஆசை காட்டினால் கூடுதல் கவனம் வேண்டும். பத்து இலட்சமாவது மைனர் வந்ததைக் கொண்டாட அந்த நிறத்தில் 350 கார்கள்தான் செய்யப்பட்டன, அதுவும் 1960 முடிவில்.

பொடிக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடி, முன் மட்காட்டின் பின்கீழ் மூலை, பின் சில்லு வளைவு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் படித்தகடு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே பற்றி இருக்கிறது, தகடு இல்லை. தொழிற்சாலை ஒட்டு எப்படி இருக்கும் என்பதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். போனற்றுக்குக் கீழே, இரண்டு தகடுகள் சேரும் மடிப்பில் ஒரே இடைவெளியில் வரிசையாகச் சிறு வட்டக் குழிகள் தெரியும், அது ஸ்பொற் வெல்டிங். ஊர்க் கராச்சில் காஸ் வெல்டிங் வைத்தால் தொடர்ச்சியான மேடு தெரியும், சூடு பட்டுச் சுற்றியுள்ள தகடு சற்று அலைந்திருக்கும். அரத்தால் தேய்த்துப் பற்றி பூசினாலும் அந்தக் குழி வரிசை திரும்ப வராது. காருக்குக் கீழே படுத்து, முன் சீற்றுக்கு அடியில் குறுக்கே ஓடும் உறுப்பின் இரண்டு முனைகளையும் பாருங்கள். மைனரின் முன் ஸ்பிறிங் சுருள் அல்ல, நீளக் கம்பி. அந்தக் கம்பியின் பின்முனையைப் பிடித்திருப்பது இந்தக் குறுக்குறுப்புத்தான். ஜாக் வைக்கும் இடமும் பின் ஸ்பிறிங்கின் முன்தொங்கலும் அதே அளவு முக்கியம். பின்னாளில் செய்த ஒட்டு இங்கே இருந்தால் ஒறிஜினல் அல்ல என்பதற்கு முன்னால், ஒட்டியவரின் வேலை எப்படி என்று பார்க்க வேண்டும். புதிய தகடு என்றவுடன் மட்டமாக நினைக்கவும் வேண்டாம். 1990களில் தென்னிலங்கையிலேயே மைனரின் பொடித் தகடுகள் அச்சொட்டாகச் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் போயின. நல்ல தகட்டை நல்ல கை பூட்டியிருந்தால் அது மதிப்புள்ள திருத்தம்.

மிக மலிவான, ஆனால் பொய் சொல்லாத சோதனை ஒன்று உண்டு: ஸ்பனர். இந்த மைனரில் பெரும்பாலான நற்றுகள் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பனர்கள் இறுகப் பொருந்த வேண்டும். மில்லிமீற்றரில் இவை ஏறத்தாழ 11.1, 12.7, 14.3. யப்பான் வாகனங்களின் நற்றுகளோ 10, 12, 14 மில்லி. ஆகவே 10 மில்லி அல்லது 12 மில்லி ஸ்பனர் ஆட்டமின்றி உட்காரும் இடமெல்லாம் பிறகு ஒருவர் கழற்றிப் பூட்டிய இடம். ரப்பெற் மூடி, தண்ணீர்ப் பம்ப், மட்காட், சீற் தண்டவாளம், கியர்பொக்ஸ் தாங்கி என்று ஒரு சுற்றுப் போங்கள். அரை மணித்தியாலத்தில் எந்தப் பகுதி எத்தனை தரம் திறக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரைபடமே கிடைக்கும். காபரேற்றரிலும் மின்சாமான்களிலும் உள்ள சிறு திருகுகள் வேறு அளவு முறை, அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மண்ணெண்ணெய்க் காலத்தின் தடயங்களை இங்குள்ள கார்களில் கட்டாயம் தேட வேண்டும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராற் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதற்கென்று போனற்றுக்குள் சிறு தாங்கியோ போத்தலோ பூட்டியிருந்த பட்டியின் துளைகள், பின்சுவரில் குழாய் போன துளை, காபரேற்றருக்குப் போகும் பைப்பில் இடையில் ஒட்டிய பித்தளை மூன்றுவழி ஆகியவை எஞ்சியிருக்கும். மண்ணெண்ணெய் எளிதில் தட்டும் (ஒழுங்கின்றி வெடித்துச் சத்தம் போடும்) என்பதால் கொம்பிறெஷனைக் குறைக்க ஹெட் கஸ்கற் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தவர்களும் உண்டு. ஹெட்டும் பிளொக்கும் சேரும் இடத்தில் ஓரத்தைப் பார்த்தால் தகடு இரண்டு வரியாகத் தெரியும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் போர்ச் சுவரில் (பிஸ்ரன் ஓடும் குழலின் சுவரில்) வழிந்து கீழே எண்ணெயோடு கலந்து அதைத் தண்ணியாக்கும். அதனால் தேய்வது போரும் பெயாரிங்கும்தான். ஆகவே இந்த அடையாளங்கள் உள்ள வண்டியில் என்ஜின் ஒருதரமாவது பிரித்துச் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். செய்யப்படவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கியர்பொக்ஸையும் பின்அக்சிலையும் இலக்கம் தேடாமலே சோதிக்கலாம். 1098 காலத்துக் கியர்பொக்ஸின் உறையில் வரம்பு வரம்பாக மேடுகள் ஓடும், 948 இனது வழுவழுப்பாக இருக்கும். அக்சிலுக்கு இப்படிச் செய்யுங்கள்: முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒரு பின்சில்லை மட்டும் தூக்கி ஸ்ராண்ட்டில் நிறுத்துங்கள். மற்றப் பின்சில்லு நிலத்தில் இருக்கட்டும். கியரை நியூட்ரலில் விட்டு, சில்லிலும் புறொப்பலர் சாவ்ற்றிலும் (கியர்பொக்ஸிலிருந்து பின்அக்சிலுக்குப் போகும் தண்டு) சோக்குக் கட்டியால் ஒவ்வொரு கோடு போடுங்கள். தூக்கிய சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், சாவ்ற் சுற்றும் எண்ணிக்கைதான் அக்சிலின் விகிதம். 948 க்கு வந்த அக்சில் என்றால் நாலரைச் சுற்றுக்குச் சற்று மேலே நிற்கும், விகிதம் 4.55. நாலுக்கும் நாலேகாலுக்கும் இடையில் நின்றால் அது 4.22, பிந்திய 1098 இனது. ஐந்தைத் தாண்டினால் முந்திய 803 சீ.சீ. காலத்துச் சாமான். சில்லைக் கழற்றும்போது உட்புறமும் பாருங்கள். மைனரின் சில்லு 14 அங்குலம், நாலு நற்றின் வட்டம் 101.6 மில்லி. 100 மில்லி வட்டமுள்ள யப்பான் றிம்மை இறுக்கிப் பூட்டிவிடலாம், ஆனால் நற்று நடுவில் உட்காராது. அப்படிப் பூட்டியிருந்தால் அதை முதல் வேலையாக மாற்றுங்கள்.

மின்சாரத்தில் இரண்டே விடயம். இந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போது பற்றரியின் பொசிற்றிவ்தான் பொடியோடு பூட்டியிருந்தது. இன்று நெகற்றிவ் பொடியில் இருந்தால் வானொலிக்காகவோ ஓல்ற்றனேற்றருக்காகவோ மாற்றியிருக்கிறார்கள். டைனமோ, ஸ்ராற்றர், டிஸ்ரிபியூற்றர் ஆகியவற்றில், அவற்றைச் செய்த லூகாஸ் கம்பனியின் பெயருக்குப் பக்கத்தில் மாதமும் ஆண்டும் சிறிதாக அடித்திருக்கும். 1959 வண்டியில் 4 59 அல்லது 11 58 போன்ற எண்கள் இருந்தால் அழகு. 6 66 என்று இருந்தால் அது பிறகு வந்த சாமான். கண்ணாடிகளிலும் இப்படி ஒன்று உண்டு. ட்ரிப்ளெக்ஸ் என்ற கண்ணாடிக் கம்பனியின் முத்திரையில் எழுத்துகளுக்குக் கீழே வைத்த புள்ளி ஆண்டின் கடைசி இலக்கத்தைக் காட்டும், எந்தப் பத்தாண்டு என்பதைக் காட்டாது.

மேலே சொன்னவற்றில் தகடு, என்ஜின் இலக்கம், சிக்னல் வெட்டு, அக்சில் விகிதம், லூகாஸ் திகதி ஆகியவை உறுதியான சான்றுகள். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போனால் நம்பலாம். மற்றவற்றில் என்னால் அந்த உறுதியைத் தர முடியாது. மைல்மீற்றர் ஐந்து இலக்கம்தான், 99,999 க்குப் பிறகு பூச்சியத்துக்கு வந்துவிடும், கழற்றித் திருப்பவும் முடியும். அதை நம்பி ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள். சீற் உறையும் தரை விரிப்பும் எந்தக் காலத்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்வது ஊகமே. நல்ல தையற்காரர் பழைய மாதிரியிலேயே தைத்துவிடுவார். என்ஜின் இலக்கம் 9எம் ஆக இருந்தாலும் இந்த வண்டியோடு பிறந்த அதே 9எம் என்ஜின்தானா என்பதை வண்டியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகம். அதில் உள்ள செசி இலக்கமும் (பின்சுவர்த் தகட்டில் உள்ள வண்டி இலக்கம்) என்ஜின் இலக்கமும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். என்ஜின் மாறியிருந்தால் அந்த மாற்றம் பதியப்பட்டிருக்க வேண்டும், பதியாமல் வாங்கினால் பெயர் மாற்றும்போது நீங்கள்தான் அலைவீர்கள். இலக்கத் தகட்டையும் யோசியுங்கள். 1957 இலிருந்து புதிதாகப் பதிந்த வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, அதை எதிர்த்து வடக்கில் அப்போது போராட்டமும் நடந்தது. 1959 வண்டி ஆங்கில எழுத்து இலக்கத்தோடு நின்றால் காரணம் கேளுங்கள். இரண்டாவது, இங்கிலாந்தின் கெய்டன் என்ற இடத்தில் உள்ள பிரித்தானிய மோட்டார்த் தொழில் மரபுரிமை அறக்கட்டளை. பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. செசி இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், கட்டிய திகதி, முதல் என்ஜின் இலக்கம், நிறம், எங்கே அனுப்பப்பட்டது என்ற விபரங்களோடு சான்றிதழ் தருவார்கள். உங்கள் இலக்கத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கூடிய விலை கேட்பவரிடம் இந்தச் சான்றிதழைக் கேட்பது உங்கள் உரிமை. அவரிடம் இல்லையென்றால், சான்றிதழ் வரும்வரை முற்பணத்தோடு நிறுத்திவைக்கக் கேளுங்கள்.

விலை விடயத்தில் என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மாறிய சாமான்களை விற்பவர் தானாகவே காட்டி, கழற்றிய பழைய சாமானையும் ஒரு பெட்டிக்குள் எடுத்து வைத்திருந்தால், அந்த வண்டிக்கு நான் கூடக் கொடுப்பேன். 1098 என்ஜின், நெகற்றிவ் ஏர்த் (பொடியில் பூட்டிய நெகற்றிவ்), மினுங்கும் சிக்னல் எல்லாம் திரும்ப மாற்றக்கூடியவை, இவற்றுக்காக நல்ல பொடியை விட்டுவிடாதீர்கள். பொடியை வெட்டிச் செய்த மாற்றம், யப்பான் என்ஜினுக்காகப் பின்சுவரைக் குடைந்தது, கூரையை வெட்டித் திறந்த கார் ஆக்கியது, இவை திரும்பாதவை. இவற்றோடு நிற்கும் வண்டிக்கு ஒறிஜினல் என்ற விலை கொடுக்கவே வேண்டாம்.

கடைசியாக, வாங்கினாலும் அன்றைக்கே சாவகச்சேரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள். மைனரின் முன்சில்லைத் தாங்கித் திரும்பும் உறுப்பு மேலும் கீழும் புரிகளில் ஏறி நிற்கிறது, அந்தப் புரிகளுக்குக் கிறீஸ் மட்டுமே காவல். பல ஆண்டு நின்ற வண்டியில் அது காய்ந்து புரி தேய்ந்திருக்கும். ஓடும்போது கழன்றால் சில்லு அப்படியே மடிந்து மட்காட்டுக்குக் கீழே போய்விடும். முன்பக்கத்தைத் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் லொறியில் ஏற்றுங்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும், இரண்டு பக்கமும் மேல் நிப்பிளிலும் கீழ் நிப்பிளிலும் பழைய கறுத்த கிறீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை புதிதை ஏற்றிய பிறகே வீதிக்கு எடுங்கள்.